காலி இடத்துக்குக் கட்டும் கூலி

காத்தான்குடி பிரதான வீதியிலோ, ஏறாவூர்ச் சந்தையிலோ, ஓட்டமாவடியிலோ இரண்டு வியாபாரிகள் சந்தித்துக் கொண்டால் சலாத்துக்கும் சுகவிசாரிப்புக்கும் அடுத்து வரும் பேச்சு லொறிக் கூலியைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. "டீசல் ஏறினால் கூலி ஏறுது. கூலி ஏறினால் சாமான் விலை ஏறுது. நாம என்ன காக்கா செய்யிற?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் தலையை ஆட்டுவார். தேநீர் முடியும், பேச்சும் முடியும்.

புறக்கோட்டையிலிருந்து பல வருடங்களாகச் சரக்கு எடுப்பவன் என்ற வகையில் நான் இந்த வாரம் இதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். டீசல் விலை நம் கையில் இல்லை. டொலர் விலையும் நம் கையில் இல்லை. ஆனால் கூலியில் பெரும் பகுதி இந்த இரண்டாலும் ஏறுவதில்லை. நாம் கட்டும் கூலியில் எவ்வளவு சரக்குக்குப் போகிறது, எவ்வளவு லொறியிலுள்ள காலி இடத்துக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மூடைக்கு எவ்வளவு?

"கொழும்பு ஹயர் எவ்வளவு?" என்று கேட்டால் எல்லோரும் உடனே பதில் சொல்வார்கள். "ஒரு மூடை சீனிக்கு எவ்வளவு விழுகிறது?" என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். கடையில் நாம் விற்பது லொறியை அல்ல, மூடையையும் கிலோவையும்தான். ஆகவே கூலியையும் மூடைக்கும் கிலோவுக்கும்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு இலகுவாக இருப்பதற்காக ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு லொறியின் கூலி 90,000 ரூபா. அது 6,000 கிலோ ஏற்றும். அதாவது 50 கிலோ சீனி மூடை 120. (இந்தக் கூலி கணக்குக்காக வைத்தது. உங்கள் லொறியின் கூலியைப் போட்டு நீங்களே பாருங்கள்.)

120 மூடையும் ஏறினால் ஒரு மூடைக்குக் கூலி 750 ரூபா. 90 மூடை மட்டும் ஏறினால் 1,000 ரூபா. 60 மூடை ஏறினால் 1,500 ரூபா.

லொறி அதே லொறி. சாரதி அதே சாரதி. டீசலும் ஏறக்குறைய அதே அளவுதான். 30 மூடைக்குரிய இடம் காலியாக வந்ததால் மட்டும் ஒவ்வொரு மூடையிலும் 250 ரூபா போய்விட்டது. சீனி மூடையில் நமக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த லாபத்தைத் தின்றது டீசல் அல்ல, காற்று.

டீசலின் உண்மையான பங்கு

"அப்படியானால் டீசல் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். அதையும் கணக்கிட்டே பார்ப்போம்.

கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். கணக்குக்கு 600 என்றே வைப்போம். லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்றால் ஒரு பயணத்துக்கு 120 லீற்றர் டீசல் வேண்டும். டீசல் லீற்றருக்கு 10 ரூபா ஏறினால் லொறிக்காரருக்கு ஏறும் செலவு 1,200 ரூபா. அதை 120 மூடைக்குப் பிரித்தால் மூடைக்கு 10 ரூபா. கிலோவுக்கு 20 சதம்!

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் சாதாரண டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 மார்ச்சில் அது 176, ஏப்ரலில் 289, மே 24ஆம் திகதி 400, ஜூன் 26ஆம் திகதி 460 ரூபா. ஆறு மாதத்தில் 339 ரூபா ஏற்றம். காசு இருந்தாலும் டீசல் கிடைக்காமல் நாட்கணக்கில் லொறிகள் வரிசையில் நின்றன. ஓகஸ்டில் கியூ.ஆர். முறை வந்த பின்தான் சற்று மூச்சு விட முடிந்தது.

நம் வாழ்நாளில் கண்ட அந்தப் பெரிய ஏற்றத்தைக்கூட மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். 339 ரூபா வீதம் 120 லீற்றருக்கு 40,680 ரூபா. நிறைந்த லொறியில் மூடைக்கு 339 ரூபா. பாதி லொறி காலியாக வந்தால் மூடைக்குக் கூடுவதோ 750 ரூபா. டயரும் உதிரிப்பாகமும் அந்த வருடம் டொலரோடு சேர்ந்து ஏறின என்பதும் உண்மைதான். ஆனாலும் பாதிக் காலியாக வரும் லொறி டீசல் நெருக்கடியை விடப் பெரிய நெருக்கடி. அது ஒவ்வொரு வாரமும் நம் கடை வாசலில் வந்து நிற்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு பயனும் உண்டு. டீசல் 10 ரூபா ஏறியது என்று சொல்லி ஒருவர் ஹயரில் 8,000 ரூபா கூட்டக் கேட்டால், "டீசலுக்கு 1,200 வருகிறது, மீதி எதற்கு?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அவரிடம் நியாயமான பதில் இருக்கலாம். டயர் மாற்றியிருப்பார், லீசிங் கூடியிருக்கும். ஆனால் பேச்சு கணக்கோடு நடக்கும். டீசல் 10 ரூபா கூடினால் அல்லது குறைந்தால் கூலி எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்வது இன்னும் நல்லது. விலை ஏறும்போது ஏறும் கூலி, விலை இறங்கும்போது இறங்காமல் நிற்பது எழுத்தில்லாத பேச்சினால்தான்.

பாரமும் இடமும்

லொறி இரண்டு விதமாக நிறையும். ஒன்று பாரத்தால், மற்றது இடத்தால். சீனி, பருப்பு, ஆணி, பெயின்ட் போன்றவை பாரத்தால் நிறைக்கும். பிளாஸ்டிக் வாளி, கதிரை, மெத்தை, பிஸ்கட், நுளம்பு வலை போன்றவை இடத்தால் நிறைக்கும். சீனி ஏற்றிய லொறியில் பாரம் முடிந்துவிடும், மேலே வெறும் வெளி. பிளாஸ்டிக் ஏற்றிய லொறியில் கூரை வரை அடைந்துவிடும், பாரமோ ஒரு தொன்கூட வராது.

நமது உதாரண லொறியின் பெட்டி 18 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் சுமார் 1,000 கன அடி. 90 மூடை சீனி 4,500 கிலோ. பாரத்தில் 75 வீதம். ஆனால் அது பிடிக்கும் இடம் 200 கன அடிக்குள்தான். மீதி 800 கன அடியில் பிளாஸ்டிக் சாமான் ஏற்றலாம். அதன் பாரம் 900 கிலோ என்று வைப்போம். மொத்தம் 5,400 கிலோ. அளவுக்கு மேல் ஒரு கிலோவும் இல்லை. கீழே சீனி, நடுவில் படங்கு, மேலே பிளாஸ்டிக்.

கூலியை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொருவரும் பாரத்தில் எத்தனை வீதம், இடத்தில் எத்தனை வீதம் என்று பார்த்து எது கூடவோ அதை எடுங்கள். சீனிக்காரருக்குப் பாரம் 75. பிளாஸ்டிக்காரருக்கு இடம் 80. 90,000 ரூபாவை 75க்கு 80 என்ற விகிதத்தில் பிரித்தால் சீனிக்காரர் சுமார் 43,500, பிளாஸ்டிக்காரர் சுமார் 46,500.

இப்போது சீனிக்காரரின் கணக்கைப் பாருங்கள். தனியே லொறி பிடித்து 90 மூடை கொண்டு வந்திருந்தால் மூடைக்கு 1,000 ரூபா. சேர்ந்து கொண்டு வந்ததால் மூடைக்கு 483 ரூபா. 120 மூடையும் தனியே நிறைத்துக் கொண்டு வந்தாலும் 750 ஆகியிருக்கும். பிளாஸ்டிக்காரரும் 90,000 கட்டும் இடத்தில் அதில் பாதியளவே கட்டியிருக்கிறார். லொறிக்காரருக்கும் ஒரு சதம் குறையவில்லை. யாரையும் நெருக்காமல் வந்த மிச்சம் இது.

ஒரு கவனம். எதையும் எதோடும் சேர்க்க முடியாது. சவர்க்காரத்தோடு தேயிலையும், கருவாட்டோடு துணியும், கிருமிநாசினியோடு அரிசியும் வரக்கூடாது. மணம் பிடித்த சரக்கு திரும்பி வந்தால் மிச்சம் பிடித்த கூலி போதாது.

"அவனுக்கு என் சரக்கு தெரிந்துவிடுமே!"

சேர்ந்து லொறி பிடிக்கும் யோசனை புதியதல்ல. நம்மூரில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது, சில தடவை தொடங்கி இரண்டு மாதத்தில் நின்றும் போயிருக்கிறது. ஏன் நிற்கிறது? கணக்கு பிழைத்ததால் அல்ல. பக்கத்துக் கடைக்காரருக்கு என் சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும் என்ற பயத்தால்.

இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வியாபாரிக்கு அவர் சரக்கு எடுக்கும் இடம்தான் முதல். பத்து வருடம் அலைந்து கண்டுபிடித்த மொத்தக் கடையை ஒரே பயணத்தில் மற்றவர் அறிந்துகொள்வதை யார்தான் விரும்புவார்?

ஆனால் மேலே சொன்ன கணக்கைத் திரும்பிப் பாருங்கள். உங்களுக்கு அதிக லாபம் தரும் கூட்டாளி உங்கள் போட்டியாளர் அல்ல. சீனிக்காரரும் சீனிக்காரரும் சேர்ந்தால் லொறி பாரத்தால் நிறையும், மேலே இடம் காலியாகவே வரும். சீனிக்காரரும் பிளாஸ்டிக்காரரும் சேர்ந்தால்தான் லொறி முழுதும் நிறையும். பிளாஸ்டிக்காரருக்கு உங்கள் சீனி விலை தெரிந்து அவர் என்ன செய்யப் போகிறார்? உங்கள் தொழிலில் இல்லாதவரோடு சேருங்கள். இரகசியமும் காக்கப்படும், கூலியும் குறையும்.

சேருவதற்கு முன் மஷூரா செய்து நான்கு விடயங்களை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒன்று, கூலியைப் பிரிக்கும் முறை. இரண்டு, ஒவ்வொருவருடைய பொதியிலும் தனித்தனி அடையாளம், தனித்தனிப் பற்றுச்சீட்டு. மூன்று, நனைந்தால், உடைந்தால், குறைந்தால் பொறுப்பு யாருடையது என்பது. நான்கு, ஒருவர் அந்த வாரம் சரக்கு எடுக்காவிட்டால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பது. பிறருடைய சரக்கு நம் பொறுப்பில் வரும்போது அது அமானிதம். வாய்ப்பேச்சில் விட்டு நட்பை முறித்துக் கொள்ள வேண்டாம்.

வெறுமனே திரும்பும் லொறி

காலி இடம் லொறிக்குள் மட்டுமல்ல, பாதையிலும் இருக்கிறது. கொழும்பிலிருந்து நமக்குச் சரக்கு இறக்கிய லொறி வெறுமனே திரும்பினால், அந்தத் திரும்பும் பயணத்தின் டீசலையும் சாரதியின் சம்பளத்தையும் கட்டுவது யார்? நாம்தான். நாம் பேசும் ஒற்றைவழிக் கூலிக்குள் இருவழிச் செலவும் இருக்கிறது.

இந்தப் பிரதேசத்தின் நிலையைப் பாருங்கள். கடைச்சாமான் மேற்கிலிருந்து கிழக்குக்கு வருகிறது. நெல்லும் அரிசியும் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன. பெரும்போக வெள்ளாமை வெட்டு பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் வரும். அந்த நாட்களில் அரிசி ஏற்றிப் போகும் லொறிகள் கொழும்பில் இறக்கிவிட்டு வெறுமனே நம் பக்கம் திரும்புகின்றன. அடுத்த லோட் அரிசிக்காக அவை எப்படியும் வந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு நம் சரக்கு கிடைப்பது போனஸ். அப்போது கொழும்பிலிருந்து வரும் கூலியைப் பேசிக் குறைக்க நமக்கு இடம் உண்டு. வெட்டு முடிந்த மாதங்களில் நிலைமை தலைகீழ்.

ஆகவே ஓட்டமாவடியிலும் சம்மாந்துறையிலும் கொழும்புக்கு அரிசி அனுப்பும் மில்காரர்களின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு கடைக்காரரிடமும் இருக்க வேண்டும். "உங்கள் லொறி எந்த நாள் கொழும்பில் இறக்குகிறது?" என்ற ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபா பெறும். பாரம் கூடிய, நாள்பட வைக்கக்கூடிய சாமான்களை அந்த மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைக்கலாம்.

தம்புள்ளைக்கும் இதே கதைதான். 1999இல் அங்கு பொருளாதார மத்திய நிலையம் தொடங்கிய பின் நம் பகுதி மரக்கறி வியாபாரிகளின் லொறிகள் அங்கு போய்வருகின்றன. வரும்போது நிறைவு, போகும்போது பெரும்பாலும் வெறுமை. பொலன்னறுவை, தம்புள்ளைப் பக்கம் தேங்காயோ, கருவாடோ, கைத்தறிச் சாரமோ அனுப்புபவர் தனி லொறி பிடிக்கத் தேவையே இல்லை.

எத்தனை கை மாறுகிறது?

1956இல் அமெரிக்காவில் மெல்கம் மெக்லீன் என்ற லொறி முதலாளி, சாமானை மூடை மூடையாகக் கப்பலில் ஏற்றுவதை விட்டு, பெட்டியோடு தூக்கி ஏற்றும் முறையைத் தொடங்கினார். இன்றைய கொள்கலன்களின் ஆரம்பம் அது. கைகளால் ஏற்ற ஒரு தொன்னுக்கு 5.86 டொலர் செலவான இடத்தில், பெட்டியாக ஏற்ற சுமார் 16 சதம்தான் செலவானது. கப்பல் வேகமாக ஓடவில்லை, எண்ணெய் மலிவாகவில்லை. கை மாறும் தடவைகள் குறைந்தன, அவ்வளவுதான்.

நமக்கும் இது புதிதல்ல. மண்முனைத் துறையில் பாதை ஓடிய காலத்தில் படுவான்கரைக்குப் போகும் சரக்கு இந்தக் கரையில் காத்திருந்து, பாதையில் ஏறி, அந்தக் கரையில் இறங்கித்தான் கொக்கட்டிச்சோலைக்குப் போனது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போனது. வாவியின் அகலம் மாறவில்லை, சரக்கின் செலவு மாறியது.

உங்கள் சரக்கு மொத்தக் கடையிலிருந்து உங்கள் இறாக்கை வரை எத்தனை தடவை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மொத்தக் கடையிலிருந்து கைவண்டிக்கு, கைவண்டியிலிருந்து லொறிக்கு, லொறியிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து மூன்று சக்கர வண்டிக்கு, அதிலிருந்து கடைக்கு. ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நாட்டாமைக் கூலி, ஒவ்வொரு தடவையும் ஒரு மூடை கிழியும் ஆபத்து. இதில் ஒன்றைக் குறைத்தாலும் மிச்சம்தான். வேகமாக விற்கும் சாமான் ஸ்டோருக்குப் போகாமல் நேரே கடையில் இறங்கட்டும். படுவான்கரைக் கடைகளுக்குப் போகவேண்டிய பங்கை ஊருக்குள் இறக்கி மீண்டும் ஏற்றாமல், அதே லொறியில் அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

கடைவாசல் விலை

"கொழும்பில்தான் மலிவு" என்பது நம்மில் ஊறிய பழக்கம். மலிவு எங்கே என்று பார்க்க வேண்டிய இடம் கொழும்புக் கடையின் பில் அல்ல. சாமான் விலை, ஏற்றுக்கூலி, லொறிக் கூலி, இறக்குக்கூலி, வழியில் வரும் சேதம் எல்லாம் சேர்த்து நம் கடைவாசலில் வந்து நிற்கும் விலைதான் உண்மையான விலை.

ஓர் உதாரணம். பிரீமாவின் மா ஆலை திருகோணமலையில் இருக்கிறது. டோக்கியோ சீமெந்தும் அங்கேயே உற்பத்தியாகிறது. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் ஒரு காலத்தில் வெருகலிலும் கிண்ணியாவிலும் பாதை ஏறித்தான் போக வேண்டும். யுத்தத்தினால் வீதியே பல காலம் பயன்படவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. வீதி மாறிவிட்டது, சிலருடைய பழக்கம் மாறவில்லை. திருகோணமலையில் உற்பத்தியாகும் பொருளைக் கொழும்பு மொத்தக் கடையில் வாங்கி, நாட்டைக் குறுக்கே கடந்து கொண்டு வருபவர், ஒரே சாமானுக்கு இரண்டு தடவை கூலி கட்டுகிறார். விநியோகஸ்தரிடம் கடைவாசல் விலையைக் கேளுங்கள். கொழும்பு விலையோடு கூலியைக் கூட்டி ஒப்பிடுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கு எடுப்பவர்களுக்கு

சீனாவிலிருந்தும் துபாயிலிருந்தும் சரக்கு இறக்குபவர்கள் நம் ஊர்களில் பலர். கப்பல் கூலி எப்படி ஆடும் என்பதை இவர்கள் நன்கு கண்டார்கள். ட்ருவரி நிறுவனத்தின் உலகக் கொள்கலன் குறியீட்டின்படி 40 அடிக் கொள்கலனின் கூலி 2019இல் சராசரி 1,420 டொலர் அளவில் இருந்தது. 2021 செப்டெம்பரில் அது 10,000 டொலரைத் தாண்டியது. பிறகு இறங்கியது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு அவை ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும், 2024 ஜூலையில் மீண்டும் 5,900 டொலர் அளவுக்கு ஏறியது.

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நமது சுங்கத் தீர்வை சி.ஐ.எஃப். பெறுமதியில் கணக்கிடப்படுகிறது. அதாவது சாமான் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்த்து. ஆகவே கப்பல் கூலி ஒரு டொலர் குறைந்தால் அந்த டொலரும் மிச்சம், அதன் மேல் விழும் வரியும் மிச்சம்.

இரண்டாவது, முழுக் கொள்கலன் எடுக்காமல் பங்குக் கொள்கலனில் சில கன மீற்றர் மட்டும் எடுப்பவர்கள், "கப்பல் கூலி மிக மலிவு" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். அங்கே குறைத்த கூலியை இங்கே இறக்கும்போது வேறு பெயர்களில் வாங்குவது இந்தத் தொழிலில் உள்ள பழைய வழக்கம். ஓடர் கொடுக்கும் முன்பே கொழும்பில் கட்டவேண்டிய எல்லாக் கட்டணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 20 அடிக் கொள்கலனில் சுமார் 33 கன மீற்றர் இடம் உண்டு. உங்கள் சரக்கு 15 கன மீற்றரைத் தாண்டினால், வேறு தொழில் செய்யும் ஒருவரோடு சேர்ந்து முழுக் கொள்கலன் எடுப்பது மலிவா என்று விசாரித்துப் பாருங்கள். ஆனால் கொள்கலன் யார் பெயரில் வருகிறதோ, சுங்கத்துக்கு அவரே பொறுப்பு என்பதை இருவரும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

பொதி அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருதமுனைச் சாரமும் காத்தான்குடிக் கைத்தறியும் இன்று பொதியாக வெளிநாடுகளுக்கும் போகின்றன. விமானப் பொதிகளுக்குப் பாரத்தையும் பார்ப்பார்கள், பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். எது கூடவோ அதற்குக் காசு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் பிரிக்கிறார்கள். 60, 40, 40 அளவுப் பெட்டியில் 12 கிலோ சாரம் வைத்தால் நீங்கள் கட்டுவது 19.2 கிலோவுக்கு. அதையே இறுக்கமாக அடுக்கி 50, 35, 35 பெட்டியில் வைத்தால் 12.25 கிலோவுக்கு. இங்கும் கூலி வாங்கியது காற்றுத்தான்.

மழையும் நோன்பும் சேர்ந்து வரும் வருடங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கம் வாடைக்காற்று மழைக்காலம். மகாவலி பெருகினால் மன்னம்பிட்டி–கல்லெல்லப் பகுதியில் வீதி மூடப்படும். 2024 நவம்பரிலும் அப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் வீதிகளையும் ரயில் பாதைகளையும் உடைத்தது. வீதி மூடியதும் லொறிகள் சுற்றுவழியில் போகும், கூலி ஏறும், சீனி நனையும்.

நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னே வருகிறது. 2025இல் மார்ச் தொடக்கத்தில் வந்த நோன்பு, 2028இல் ஜனவரி கடைசியை ஒட்டியும், 2030இல் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டியும் வரும். அதாவது நோன்புக்கும் பெருநாளுக்கும் நாம் சரக்கு எடுக்கும் நாட்கள் வருடத்துக்கு வருடம் வெள்ளக் காலத்துக்குள் நகர்ந்து கொண்டிருக்கின்றன. "நோன்புக்கு ஒரு மாதத்துக்கு முன் எடுப்போம்" என்ற பழைய கணக்கு இனிச் சரிவராது. நாள்பட நிற்கும் சாமான்களை ஒக்டோபருக்குள் எடுத்து வைக்கும் திட்டத்தை இப்போதே தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துக் குவிக்கச் சொல்லவில்லை. ஸ்டோரில் கிடக்கும் சாமானில் முடங்கும் காசும் ஒரு செலவுதான். கட்டாயம் விற்கும், பாரம் கூடிய, கெடாத சாமான் மட்டும்.

லொறிக்காரரும் ஒரு வியாபாரிதான்

கடைசியாக, கூலியைக் குறைக்க லொறிக்காரரின் கழுத்தை நெரிப்பது வழியல்ல. அவருக்கும் லீசிங் இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது. அவருக்கு மாதம் ஒன்றுக்கு லீசிங், சம்பளம், காப்புறுதி எல்லாம் சேர்த்து 240,000 ரூபா நிரந்தரச் செலவு என்று வைப்போம். மாதம் 8 பயணம் போனால் ஒரு பயணத்தில் 30,000 ரூபா அதற்குப் போகும். 10 பயணம் போனால் 24,000தான். வித்தியாசம் 6,000 ரூபா.

அந்த இரண்டு பயணத்தை அவர் எங்கே இழக்கிறார்? பெரும்பாலும் புறக்கோட்டையில் பில் எழுதும் வரை காத்திருப்பதிலும், நம் கடைவாசலில் இறக்க ஆள் வரும் வரை காத்திருப்பதிலும். 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்தில் ஒற்றை வரிசையில் காத்து நின்ற காலம் 2013இல் புதிய பாலத்தோடு முடிந்தது. பாலங்கள் தந்த நேரத்தை நாம் கடைவாசலில் தொலைக்கிறோம். லொறி வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இறக்கித் தருகிறேன், கூலியை அன்றே கையில் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி செய்யும் கடைக்காரருக்கு எந்த லொறிக்காரரும் குறைத்தே தருவார். கூலியை ஒரு மாதம் இழுத்தடிக்கும் கடைக்கு அந்த இழுத்தடிப்பின் விலையையும் சேர்த்தே பேசுவார். படங்கு கிழிந்த லொறியை மலிவு என்று பிடிப்பதும் அப்படித்தான். மாரியில் ஒரு தடவை நனைந்தால் ஒரு வருட மிச்சம் போய்விடும்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்? பெரிய சுப்பர்மார்க்கட்டுகளுக்குச் சொந்த லொறி இருக்கிறது, அவை நிறைந்தே ஓடுகின்றன. கொழும்பிலிருந்து பொதியாக வீட்டு வாசலுக்கே சாமான் வருகிறது. அவர்களோடு போட்டியிடும் சின்னக் கடை ஒவ்வொரு வாரமும் அரை லொறிக் காற்றுக்குக் கூலி கட்டினால் எத்தனை நாள் தாங்கும்? அந்தக் கூலியைக் கடைசியில் கட்டுவது கால் கிலோ சீனி வாங்க வரும் ஏழைத் தாய்தான் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இந்த வாரம் ஒரேயொரு வேலை செய்யுங்கள். அடுத்த லொறி வந்து நிற்கும்போது, சாமான் இறக்கத் தொடங்கும் முன், பின்கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். எவ்வளவு காலி என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மொத்தச் செலவை மூடைக்கும் கிலோவுக்கும் பிரித்து எழுதுங்கள். நான்கு லொறி அப்படி எழுதிய பின், உங்கள் தொழிலில் இல்லாத ஒரு நண்பரிடம் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். மிச்சத்தைக் கணக்கே பேசும்.